அளவு ஜாக்கெட்

பெரம்பலூருக்குப் பொம்மை வாங்கப் போனபோது என்னுடைய அளவு ஜாக்கெட்டையும் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். துணிக்கடை வாசலில் சேலை கட்டிக்கொண்டு நிற்குமே, அந்தப் பொம்மை. கடைக்காரர், "என்ன சைஸ்ங்க வேணும்?" என்று கேட்டார். நான் ஜாக்கெட்டை எடுத்து மேஜைமேல் விரித்து, "இதுக்குப் பொருந்துற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றேன். மனிதர் ஜாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று பார்வையை மின்விசிறிக்குத் திருப்பிக்கொண்டார். கூட வந்த என் நாத்தனார் என் விலாவில் இடித்தாள்.

வேறு எப்படிக் கேட்பதாம்? எங்கள் செந்துறைப் பக்கம் தையல்காரியிடம் வருகிற எந்தப் பெண்ணும் டேப்பை வைத்து உடம்பை அளக்க விடமாட்டாள். தனக்குக் கச்சிதமாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணிக்குள் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். அதுதான் அளவு ஜாக்கெட். அதை வைத்துத்தான் வெட்டுவேன், அதை வைத்துத்தான் தைப்பேன். கொண்டுவராதவர்களிடம், "அளவு ஜாக்கெட் இல்லாம தைக்கிறதில்லீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போனால் போகட்டும். கண்ணளவில் தைத்துக் கொடுத்துவிட்டு, அக்குளில் பிடிக்கிறது, முதுகில் தூக்குகிறது என்று வாங்கிக் கட்டிக்கொள்ள என்னால் ஆகாது.

எனக்கென்று ஓர் அளவு ஜாக்கெட் இருந்தது. கருநீலப் பருத்தித் துணி, சாதாரண வட்டக் கழுத்து. கல்யாணமான புதிதில் எனக்கே நான் தைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எனக்குத் தைத்ததெல்லாம் அதை வைத்துத்தான்.

அரியலூரில் ஒரு வகுப்புக்குப் போய் ஆரி வேலை கற்றுக்கொண்டேன். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மேல் கையில் ஊசி, கீழ்க் கையில் நூல் என்று ஜரிகையும் மணியும் வைத்துப் பூப்போடுகிற வேலை. கல்யாண ஜாக்கெட்டுக்கு அது இல்லாமல் இப்போது யார் ஒப்புக்கொள்கிறார்கள்? முதலில் உள்ளூரில் தைத்தேன். பிறகு நாத்தனார்தான், "அண்ணி, போன்ல போடுவோம், வெளியூருக்கெல்லாம் அனுப்பலாம்" என்று ஆரம்பித்து வைத்தாள். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை, பக்கத்துத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். போட்டோ எடுப்பது அவள், தைப்பது நான், போட்டுக்கொண்டு நிற்பதும் நான்.

என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொன்னதும் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"மூஞ்சி மட்டும் வரப்புடாது."

"மூஞ்சி இல்லாம எப்புடிங்க?"

"ஜாக்கெட்டுதான விக்கிற? மூஞ்சியவா விக்கிற?"

நியாயம்தான். அதனால் எல்லாப் படத்திலும் கழுத்துக்குக் கீழேதான் நான். எங்கள் வீட்டுப் பச்சைச் சுவருக்கு முன்னால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கையைத் தூக்கி ஒன்று. என் முகம் எப்படியிருக்கும் என்று தெரியாத பெண்கள் எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். அக்கா போட்டா எதுவுமே நல்லாருக்கு, அக்கா மாதிரியே எனக்கும் ஃபிட்டிங் வேணும். படிக்கப் படிக்க எனக்குத் தலைகால் புரியாது. திமிர்தான். இருந்தால் என்ன? நல்ல உடம்பு, நல்ல தையல், இரண்டும் என்னுடையவை. வீட்டுக்காரரும் லாரியை விட்டு இறங்கி வந்ததும், புது ஜாக்கெட்டோடு நான் சன்னலோரம் நின்றால், பின்னால் வந்து இடுப்பில் கைவைத்து, "புதுசா? நல்லாருக்குடி" என்பார். அவ்வளவுதான் அவருக்குக் கொஞ்சத் தெரியும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம் மார்பில் கட்டி வந்தது. திருச்சியில் பார்த்தார்கள், எடுத்துவிட வேண்டும் என்றார்கள், எடுத்துவிட்டார்கள். இடது பக்கம். இதைச் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது, ஆனால் சொல்லாமல் இந்தக் கதையில் எதுவும் விளங்காது. பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி மொத்தமும் கொட்டியது. வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தார், வாந்தியைக் கையில் ஏந்தினார். அதையெல்லாம் நான் மறக்கமாட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அவர் என் முகத்தை மட்டும் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கழுத்துக்குக் கீழே பார்வை இறங்குவதே இல்லை. மூஞ்சி வரக்கூடாது என்று சொன்ன ஆளுக்கு இப்போது மூஞ்சி மட்டும்தான் இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நல்லவரை என்ன சொல்லித் திட்டுவது?

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஆரிச் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். இடது கை வீங்கிக் கனத்தது, துணிக்குக் கீழே நூல் பிடிப்பதற்குள் வலி பிடரிவரை ஏறும். ஆனாலும் உட்கார்ந்தேன். ஊசியைப் பிடித்திருக்கும் நேரம் மட்டும்தான் நான் நானாக இருந்தேன். அது போய்விட்டால் மாத்திரை தின்றுவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். அந்தப் பயத்தில் தைத்தேன். தைத்தவை அலமாரியில் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. யார்மேல் போட்டுக் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

ஹேங்கரில் மாட்டி எடுத்துப் பார்த்தோம், கொடியில் காயப்போட்டது மாதிரி இருந்தது. தலையணைக்குப் போட்டுப் பார்த்தோம், என் மாமியார் வந்து பார்த்துவிட்டு, "இது யாரு, புள்ளத்தாச்சியா?" என்று கேட்டார். நாத்தனாருக்குப் போட்டால் தொளதொளவென்று தொங்கியது, அவள் கொத்தவரங்காய். கடைசியில் எனக்கு வீம்பு வந்தது. பழைய துணிகளைச் சுருட்டி இடது பக்கம் வைத்து, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பச்சைச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"எடுடி."

"அண்ணி, வேணாமே."

"எடுங்குறேன்ல."

எடுத்தாள், போனில் போட்டோம். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி எழுதினாள். அக்கா, இந்தத் தடவை ஃபிட்டிங் சரியில்லையே, ஒரு பக்கம் தூக்குது. அடுத்தவள், ஆமா, கையும் டைட்டா இருக்கு, வேற டெய்லர் தைக்கிறாங்களா? அவர்களுக்கு என்ன தெரியும், பாவம். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறியது. உடம்பைச் சொல்லியிருந்தால்கூட அழுதுவிட்டு விட்டிருப்பேன். என் தையலைச் சொல்லிவிட்டார்களே! சுருணையை உருவி மூலையில் வீசினேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு ஓவென்று அழுதேன். அதற்குப் பிறகு ஒரு கிராக்கியும் வரவில்லை. நாத்தனார்தான், "பொம்மை வாங்கிடுவோம் அண்ணி" என்றாள்.

பெரம்பலூரில் அந்தக் கடை ஜவுளிக்கடைகளுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிற கடை. ஹேங்கர், கண்ணாடி, கம்பி ஸ்டாண்டு, பின்னால் வரிசையாகப் பொம்மைகள். உதட்டுச் சாயம் பூசி விக் வைத்தது, வெள்ளை வெளேரென்று மூக்கு மட்டும் இருப்பது, தலையே இல்லாதது. எல்லாவற்றுக்கும் ஆறடி உயரமும் ஒரு பிடி இடுப்பும். இப்படி ஒருத்தி செந்துறை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஊரே வேடிக்கை பார்க்கும். எந்த வயிற்றில் பிறந்தவர்களை அளந்து செய்கிறார்களோ!

கடைக்காரர் ஒரு பொம்மையின் இடது கையைத் திருகிக் கழற்றித் தரையில் வைத்தார். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்தார்போல.

"கையக் கழட்டிட்டுத்தாங்க ஜாக்கெட் மாட்டணும். எல்லாம் கழட்டி மாட்டுற ஐட்டம்தான், ஒண்ணும் ஆவாது."

"குடுத்து வச்சது" என்றேன்.

நாத்தனார் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒவ்வொன்றுக்கும் என் கருநீல ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு மார்பு கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தது, கொக்கி மாட்ட முடியவில்லை. ஒன்றுக்குத் தோள் அகலம். ஒன்று இடுப்பில் தொளதொளத்தது. பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்று தள்ளத் தள்ள எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம். என் உடம்பு இந்தக் கடையில் கிடைக்காது, அப்படி அள்ளிப்போட்டு விற்கிற உடம்பு இல்லை அது. கடைக்காரர் சலித்துப்போய், "பழசு ஒண்ணு இருக்கு, துணி சுத்துனது, யாரும் கேக்குறதில்ல" என்று உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்கிவந்தார். தலையில்லை, கையில்லை, ஒரு கம்பிமேல் நிற்கிற அரை உடம்பு. உள்ளே கெட்டியான பஞ்சு, மேலே சந்தன நிறத் துணி.

ஜாக்கெட்டைப் போட்டேன். மேல் கொக்கி மாட்டியது. அடுத்தது மாட்டியது. எல்லாம் மாட்டின. எங்கும் இழுக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. முதுகைத் தடவிப் பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லை.

"அண்ணி, அச்சு அசல் ஒங்கள மாதிரியே இருக்கு" என்று சந்தோஷத்தில் கத்திவிட்டாள் நாத்தனார். கத்தியபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன மாதிரி இல்லடி" என்றேன். "இதுக்கு ரெண்டும் இருக்கு."

அதைத்தான் வாங்கினோம். வேறெதையாவது வாங்கியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு சைஸைச் சொல்லி, ஆறடிக்காரிகளில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அளவு ஜாக்கெட்டைக் கொண்டுபோய் நீட்டியது என் தொழில் புத்தி. போன உடம்பை நானே தேடிப் பிடித்து, பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றினேன். அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர், "இதுக்கு லக்கேஜா, ஃபுல் டிக்கெட்டா?" என்று சிரித்தார். நாத்தனாரும் சிரித்தாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழியெல்லாம் சிமெண்ட் ஆலை லாரிகள் எதிரே புழுதி கிளப்பிக்கொண்டு போயின. அதில் ஒன்றில் அவர் இருப்பாரா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் மாமியார் அதைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னாடி இது, வூட்டுக்குள்ள முண்டத்தக் கொண்டாந்து நிறுத்துற? வெளக்கு வைக்கிற வூடு இது!"

"ஜாக்கெட் மாட்டுறதுக்கு அத்தை."

"என்னாத்துக்கோ இருக்கட்டும். தலையில்லாம நிக்கப்புடாது. எதையாவது வச்சு மூடு."

வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. அந்தப் பொம்மையின் கழுத்தில் ஒரு மரக் குமிழ் இருந்தது. மாமியாரே ஒரு சொம்பைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்தார். என் தலைத்துண்டு ஒன்றைச் சொம்பின்மேல் சுற்றிக் கட்டிவிட்டார். முடி கொட்டியதிலிருந்து நான் எந்நேரமும் தலையில் துண்டோடுதான் இருந்தேன், தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவள் மாதிரி. கம்பி தெரியக்கூடாது என்று நாத்தனார் ஒரு சேலையைக் கொசுவி இடுப்பில் செருகினாள். சட்டத்திலிருந்து எடுத்துப் புதிதாகத் தைத்து முடித்திருந்த மாம்பழ மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டோம். சன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும், காலையில் படம் எடுக்கலாம் என்று அங்கேயே நிறுத்திவிட்டு நாத்தனார் போனாள். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போய்விட்டது. நான் அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிடுகிற சத்தம் கேட்டது. அவர் வந்துவிட்டார் என்று கரண்டியோடு திரும்பினேன். பாதித் திறந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது.

அவர் உள்ளே வந்து நின்றார். சன்னலைப் பார்த்தார். தயங்கித் தயங்கி அடியெடுத்து வைத்துப் போனார். பின்னால் நின்று அதன் இடுப்பில் கை வைத்தார்.

"புதுசா? நல்லாருக்குடி" என்றார்.

அந்தக் குரல். நான் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து கேட்காத குரல். கை இடுப்பிலிருந்து மெல்ல மேலே ஏறியது. விலாவில் ஒரு கணம் நின்றது. எதற்கோ பயந்து, பிறகு துணிந்து, இடது பக்கம் போனது. அங்கே இருந்தது. இருந்ததால்தான் அது நானில்லை என்று அவருக்கு விளங்கியது. அடுப்பில் பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். திரும்பினார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

ஒரு பஞ்சுப் பொம்மைமேல் பொறாமை. அதைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும் போலிருந்தது. அவரையும் சேர்த்து அடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அதுவும் முடியவில்லை. திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றார். அந்தக் கை இடது பக்கம் போகத் துணிந்ததே, அது எனக்காகத்தான் துணிந்தது. ஆனால் போய்ச் சேர்ந்தது என்மேல் இல்லை. இதற்குமேல் எனக்கு என்ன நேர வேண்டும்?

"ரசம் பொங்குது" என்றேன்.

"லோடு எறக்க நேரமாயிருச்சு" என்றார் அவர். கால் கழுவப் பின்பக்கம் போய்விட்டார். நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை, இன்றுவரை.

மறுநாள் நாத்தனார் சொம்பையும் துண்டையும் எடுத்துவிட்டுப் படம் எடுத்தாள். கழுத்துக்குக் கீழே மட்டும், பச்சைச் சுவருக்கு முன்னால், ஜாக்கெட் கைக்குள் காகிதத்தைச் சுருட்டி வைத்து. அந்தப் படம் போனதுதான் தாமதம், எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா இப்பத்தான் பழைய ஃபிட்டிங் வந்திருக்கு. ஒருத்தி இன்னும் மேலே போய், அக்கா நீங்க பழையபடி ஆயிட்டீங்க, அந்த உடம்புதான் அழகே என்று எழுதினாள். பொம்மை என்று தெரிந்து கிண்டல் செய்தாளா, தெரியாமல் எழுதினாளா, எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு கும்பிடு மட்டும் அனுப்பினேன். அலமாரியில் கிடந்ததெல்லாம் விற்றுப்போய்விட்டது. மாமியார்கூட, "முண்டமா இருந்தாலும் ராசியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். நான் பிழைத்துக்கொண்டேன் என்று எல்லோருக்கும் சந்தோஷம். தொழில் பிழைத்தது, அது உண்மை.

விற்பதற்கு ஜாக்கெட் மாட்டாத நாளில் அதற்கு என் கருநீல அளவு ஜாக்கெட்டைப் போட்டு வைப்பேன், துணியில் தூசி படியாமல் இருக்க. வீட்டுக்காரர் கூடத்தைத் தாண்டும்போது சுவரோரமாகவே போவார். நான் நைட்டியும் மேலே ஒரு துண்டுமாகத் திரிந்தேன். நைட்டிக்கு அளவு வேண்டியதில்லை.

போன வாரம் நாத்தனார் பட்டுத் துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். அவள் மகளுக்குக் காதுகுத்து. மாமன் சீர் கொண்டுபோகிற இடத்தில் நான் நைட்டியோடு நிற்க முடியுமா? எனக்குத் தன் கையால் ஒரு ஜாக்கெட் தைத்துத் தருகிறேன் என்றாள். வெட்டுவதும் தைப்பதும் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதான். துணியைத் தரையில் விரித்து, சாக்குக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"அளவு ஜாக்கெட்டக் குடுங்க அண்ணி."

இருவரும் ஒரே நேரத்தில் பொம்மையைப் பார்த்தோம். அவள் எழுந்து போய்க் கொக்கிகளைக் கழற்றி ஜாக்கெட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் அதைப் புரட்டிப் பார்த்தேன். என் தையல்தான்.

"இது அதோடது" என்றேன்.

அவள் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்ப நான் அளந்துக்கவா அண்ணி?" என்று கிட்டே வந்தாள். நான் என்னையறியாமல் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். துண்டை இழுத்து மேலே போர்த்திக்கொண்டேன். வருகிற எல்லோரிடமும் சொல்கிற அதே கறார்க் குரலில்,

"அளவு ஜாக்கெட் இல்லாம தைக்கிறதில்லீங்க" என்றேன்.

அவள் கலகலவென்று சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு ஜாக்கெட்டை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், பொம்மைக்கு மறுபடி போட்டு, ஒவ்வொரு கொக்கியாக மாட்டினாள்.